நியூட்ரான் மானியில் விழுந்த பள்ளம்: இவ்வளவு மெல்லிய காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களை எப்படித் தடுக்கிறது?

வான்குறிப்பு

பின்லாந்தின் ஓலு நகரில் ஒரு நியூட்ரான் மானி 1964 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது தெறிக்கும் நியூட்ரான்களை எண்ணும் கருவி அது; எண்ணிக்கை குறைந்தால் கதிர்கள் குறைந்துவிட்டன என்று பொருள். அதன் எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். 2024 மே மாதக் காந்தப்புயலின்போது அது என்ன காட்டியது என்று பார்க்க நேற்று இரவு உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

மே 10 மாலை 5 மணி (உலக நேரம்) வரை கோடு ஏறக்குறைய மட்டமாகப் போகிறது. அதற்கு மேல் சரிய ஆரம்பிக்கிறது. சில மணி நேரத்தில் பத்து சதவீத அளவுக்கு இறக்கம். மறுநாள் அதிகாலையில் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஒரு சின்ன மேடு. அப்புறம் நாள்கணக்கில் மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது.

எனக்குப் பிடிபடாதது இதுதான். காஸ்மிக் கதிர்கள் சூரியமண்டலத்துக்கு வெளியே, வெகு தொலைவில், வெடித்த நட்சத்திரங்கள் போன்ற இடங்களிலிருந்து வருபவை. ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகம். அவற்றில் பத்தில் ஒரு பங்கை ஒரே மாலையில் சூரியன் எதைக் கொண்டு மறித்தது? சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே ஓடும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தைத்தான் சூரியக்காற்று என்கிறோம். அதில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்தான் இருக்கும். அது சுமந்து வரும் காந்தப்புலம் பூமிக்கு அருகே வழக்கமாக 5 நானோடெஸ்லா. பூமியின் தரையில் இருக்கும் புலத்தோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய ஒன்று எப்படிச் சுவராக நிற்கிறது?

கார்முகில்

இதில் பெரிய மர்மம் இல்லை என்று நினைக்கிறேன். மின்னூட்டம் உள்ள துகள் காந்தப்புலத்தில் வளையும். புலம் வலுத்தால் அதிகமாக வளையும். அந்த மாலையில் பூமியருகே விண்கலங்கள் அளந்த புலம் 50 நானோடெஸ்லாவைத் தாண்டியது. வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். கவசம் தடித்தது, உள்ளே வருவது குறைந்தது. புயல் போனதும் கவசம் மெலிந்தது, கோடு ஏறியது. அவ்வளவுதானே?

அலைவரிசை

கார்முகில் சொல்வது முதலில் எல்லாருக்கும் தோன்றுவது. எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் புலத்தின் வலிமை மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. அதில் இருக்கும் நெளிவுகள், சுருக்கங்கள், கொந்தளிப்பு என்று நாம் சொல்வது, அதுதான் துகளைப் பிடிக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு புரோட்டான் வழவழப்பான காந்தப்புலத்தில் வந்தால் என்ன செய்யும்? புலக்கோட்டைச் சுற்றிச் சுருள்சுருளாகச் சுற்றிக்கொண்டே கோட்டின் வழியே முன்னேறும். குறுக்கே போகத்தான் அதற்குத் தடை. நெடுக்கே போக எந்தத் தடையும் கிடையாது. சூரியனின் புலக்கோடுகளோ சூரியனில் வேர்விட்டு, சூரியனின் சுழற்சியால் சுருளாக வளைந்து, சூரியக்காற்று எட்டும் வெளி எல்லை வரை நீள்கின்றன. இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் 1958இல் கணக்கிட்டுச் சொன்ன சுருள் இது. பூமி இருக்கும் தூரத்தில் சூரியனிலிருந்து இழுத்த நேர்கோட்டுக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்திருக்கும். அந்தக் கோடுகள் வழவழப்பாக இருந்தால் அவை சுவர் ஆகாது, வெளியிலிருந்து உள்ளே வருவதற்குப் போட்ட பாதை ஆகிவிடும். கோட்டைப் பிடித்துக்கொண்டு துகள் நேராக உள்ளே வந்து சேரும். சூரியனை நெருங்க நெருங்கப் புலம் வலுக்கும், சில துகள்கள் ஆடியில் பட்டதுபோல் திரும்பும், உண்மைதான். ஆனாலும் நிலையான, வழவழப்பான புலத்தில் துகள் பாதையோடு போகும்போது கதிரின் செறிவு மாறாது. லியூவில் தேற்றம் சொல்வது அதைத்தான்.

நிஜத்தில் அந்தக் கோடுகள் வழவழப்பாக இல்லை. சூரியக்காற்றைப் பற்றி 1962இல் மாரினர்-2 விண்கலம் நமக்கு நேரடியாகச் சொன்ன நாள் முதல், எந்த விண்கலம் எங்கே போய்ப் புலத்தை அளந்தாலும் ஒரே கதைதான். ஊசி ஒரு நிலையில் நிற்காது. ஒரு நிமிடத்தில் ஆடும், ஒரு மணி நேரத்தில் ஆடும், ஒரு நாளில் ஆடும். பெரிய சுழல்கள் உடைந்து சின்னச் சுழல்கள், அவை உடைந்து இன்னும் சின்னவை. எந்த அளவுச் சுழலில் எவ்வளவு ஆற்றல் என்று வரைந்தால், ஆற்றில் ஓடும் நீருக்குக் கணிதவியலாளர் கோல்மோகோரோவ் 1941இல் கணித்த அதே -5/3 சரிவு வருகிறது. காற்றே இல்லாத வெளியில் ஒரு வெள்ளப்பெருக்கு ஓடுகிறது, அதன் சுழிகள் காந்தத்தால் ஆனவை. இதை முதன்முதலில் ஒரு வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றுவரை குறையவில்லை.

துகள் இந்த நெளிந்த கோட்டின் வழியே வருகிறது. ஒவ்வொரு நெளிவும் அதைக் கொஞ்சம் தட்டுகிறது. வேகம் மாறாது, திசைதான் மாறும். கோட்டோடு அது செய்யும் சாய்கோணம் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி அலைந்து, ஒரு கட்டத்தில் 90 டிகிரியைத் தாண்டிவிட்டால் துகள் வந்த வழியே திரும்பிவிடும். அப்புறம் இன்னொரு முறை திரும்பும். நேராக வரவேண்டியது தள்ளாடித் தள்ளாடி வருகிறது.

தேன்சிட்டு

நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அலைவரிசை, "ஒவ்வொரு நெளிவும் தட்டுகிறது" என்றீர்கள். எல்லா அளவு நெளிவும் ஒன்றுபோல் தட்டுமா? பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட ஒரு கணக்கு வேண்டும். எண்களோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

அலைவரிசை

சரி, கணக்கையே போட்டுவிடலாம்.

ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலோடு ஒரு புரோட்டான் வருகிறது என்று வையுங்கள். உந்தத்தை மின்னூட்டத்தாலும் புலத்தாலும் வகுத்தால் வட்டத்தின் ஆரம். புலம் 5 நானோடெஸ்லா. விடை ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர். பூமிக்கும் நிலவுக்கும் இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்கு ஆரத்தில் அந்த ஒற்றைப் புரோட்டான் வட்டமடிக்கிறது.

இப்போது நெளிவுகள். சில ஆயிரம் கிலோமீட்டர் அளவே உள்ள குட்டி நெளிவை இந்தப் புரோட்டான் கண்டுகொள்ளாது. ஒரு சுற்று முடிப்பதற்குள் அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான நெளிவுகளைக் கடந்துவிடும். இடப்பக்கம் தட்டியதும் வலப்பக்கம் தட்டியதும் கழிந்துபோகும். மிகப் பெரிய, அகலமான வளைவோ துகளை ஒன்றும் செய்யாது. கோடு எப்படி மெல்ல வளைகிறதோ துகளும் அதனோடு வளைந்து போய்விடும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது. ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் துகள் கோட்டின் வழியே எவ்வளவு முன்னேறுமோ, அந்த நீளத்துக்கு ஒத்த அலைநீளம். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் தட்டு ஒரே பக்கம் விழும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி, தட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். இயற்பியலாளர் ஜோகிப்பி 1966இல் இதைத்தான் கணிதமாக எழுதினார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. சூரியக்காற்றுக் கொந்தளிப்பின் பெரிய சுழல்களுக்கும் ஒரு தன்னளவு உண்டு. பூமியருகே அது ஏறத்தாழ 10 லட்சம் கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. காற்று நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், அப்படி ஒரு சுழல் விண்கலத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்தச் சுழலின் அளவும் ஒரு ஜிகா புரோட்டானின் ஆரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அதற்குக் கீழே உள்ள ஆற்றல்களுக்குப் பொருந்தும் நெளிவு எப்போதும் கிடைக்கும். அதற்கு மேலே போகப் போக வட்டம் சுழலைவிடப் பெரிதாகிவிடும், பிடிக்க ஆள் இல்லை. பல பத்து ஜிகா எலக்ட்ரான் வோல்ட் கதிர்களைச் சூரியன் அதிகம் அசைக்க முடியாமல் போவது இதனால்தான்.

நெடுவழி

தேன்சிட்டு, பிள்ளைகளிடம் கணினி இருந்தால் இதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். போன வருடம் நான் செய்து பார்த்தேன். நூறு வரிக்குள் நிரல் முடிந்துவிடும்.

முதலில் வெறும் நேரான புலம். ஒரு புரோட்டானை 30 டிகிரி சாய்வில் விட்டேன். அழகான சுருள். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் 30 டிகிரி 30 டிகிரியாகவே இருந்தது. அப்புறம் அதன்மேல் ஒரே ஒரு அலையைச் சேர்த்தேன், நேரான புலத்தில் பத்தில் ஒரு பங்கு வலிமை, அலைநீளம் அலைவரிசை சொன்ன அந்தப் பொருத்தமான நீளம். சாய்கோணம் ஊசலாட ஆரம்பித்தது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். எங்கேயும் தப்பிப் போகவில்லை. இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரும்பி ஓடும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

விஷயம் என்னவென்றால் ஒரு அலை போதாது. பல அளவுகளில் பல அலைகள், ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் தொடங்குவதாக, சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி இருக்க வேண்டும். அப்படி நூறு அலைகளைச் சேர்த்த பிறகுதான் சாய்கோணம் ஒழுங்கை விட்டுவிட்டுக் குடித்தவன் நடைபோல் அலையத் தொடங்கியது. 30, 34, 27, 41, 52... திரையில் அந்த எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 90ஐ நெருங்கியதும் அங்கேயே வெகுநேரம் தயங்கியது. அப்புறம் சட்டென்று 97. துகள் திரும்பிவிட்டது.

அந்தத் தயக்கம் என் நிரலின் பிழையோ என்று பயந்தேன். இல்லை. 90 டிகிரியில் துகள் கோட்டின் வழியே முன்னேறுவதே இல்லை, அதனால் அதற்குப் பொருந்தும் அலைநீளம் பூஜ்யத்துக்குச் சுருங்கிவிடுகிறது, அங்கே அலைகளில் ஆற்றலும் இல்லை. ஜோகிப்பியின் முறைக்கே 90 டிகிரி ஒரு முட்டுச்சந்து என்றும், அதைத் தாண்டுவதற்காகவே பின்னால் பல திருத்தங்கள் வந்தன என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நிஜமான பிழை ஒன்றும் செய்திருந்தேன், மாணவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். துகளைப் படிப்படியாக நகர்த்தும் கணக்கை முதலில் சாதாரண ஆய்லர் முறையில் போட்டேன். அரை மணி நேரத்தில் புரோட்டானின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது. நிலையான காந்தப்புலம் துகளுக்கு ஆற்றல் தரவே தராது, ஆகவே எங்கோ தப்பு. காந்தப்புலத்தில் ஓடும் துகள்களுக்கென்றே உள்ள போரிஸ் முறைக்கு மாற்றியதும் ஆற்றல் அசையாமல் நின்றது. ஆற்றல் மாறுகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் நல்ல சோதனை.

இளவேனில்

நெடுவழியின் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த இழையில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் விட்டால் முழுக் கதையும் தப்பாகிவிடும்.

நெளிவுகள் துகளின் ஆற்றலைத் தொடுவதில்லை, திசையைத்தான் மாற்றுகின்றன. அப்படியானால் கேள்வி: அசையாமல் நிற்கும் நெளிவுகள் உள்ளே வருவதை மட்டும் தடுக்குமா? தடுக்காது. வெளியே போவதையும் அதே அளவுக்குத் தடுக்கும். தள்ளாடித் தள்ளாடி வந்தாலும் போதுமான காலம் கொடுத்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே அடர்த்தி வந்துவிடும். கொந்தளிப்பு மட்டும் இருந்தால் பள்ளமே விழாது.

பள்ளம் விழுவதற்குக் காரணம் அந்த நெளிவுகள் நிற்பதில்லை என்பது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில், எந்நேரமும், எல்லாப் பக்கமும், வெளிநோக்கி ஓடுகின்றன. நெளிவு துகளைப் பிடிக்கும் கை என்றால் காற்று அந்தக் கையை வெளியே இழுத்துப் போகிறது. வழவழப்பான புலத்தில் கை இல்லை, காற்று அடித்தாலும் துகளுக்கு உறைக்காது. நெளிவு இருந்தால் துகள் காற்றோடு கட்டுண்டுவிடுகிறது. உள்ளே வர எதிர்நீச்சல் போட வேண்டியிருக்கிறது. நீந்துவதும் அடித்துச் செல்லப்படுவதும் சமமாகும் இடத்தில் அடர்த்தி நிலைகொள்கிறது. பார்க்கர் 1965இல் எழுதிய பரவல் சமன்பாட்டின் உயிர் இதுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. காற்று வெளியே போகப் போக விரிகிறது. ஒரு துகள் இரண்டு நெளிவுகளுக்கு இடையே மாறி மாறி மோதுகிறது என்று வையுங்கள், அந்த இரண்டு நெளிவுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே இருக்கின்றன. பின்வாங்கும் சுவரில் அடித்த பந்து வேகம் குறைந்துதான் திரும்பும். அப்படி ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் கரைகிறது. சூரியன் எந்த அளவு கொந்தளிக்கிறது என்பதைப் பொறுத்து, எல்லையிலிருந்து பூமிக்கு வந்து சேர்வதற்குள் ஒரு புரோட்டான் சராசரியாகச் சில நூறு மெகா எலக்ட்ரான் வோல்ட் (ஆயிரம் மெகா ஒரு ஜிகா) இழந்துவிடுகிறது. இங்கே நாம் 100 மெகாவில் பிடிக்கும் காஸ்மிக் புரோட்டான் அந்த 100 மெகாவோடு கிளம்பியதல்ல. அதைவிடப் பல மடங்கு வசதியோடு கிளம்பி, வழியெல்லாம் சுங்கம் கட்டி வந்தது. வெளியே 100 மெகாவோடு இருந்தவை இங்கே வந்து சேருவதே இல்லை.

வாயேஜர்-1 விண்கலம் சூரியக்காற்றின் எல்லையைக் கடந்து வெளியே போனது 2012 ஆகஸ்ட் 25, ஏறத்தாழ 122 வானியல் அலகு தூரத்தில் (ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்). அதுவரை அந்தக் குறைந்த ஆற்றல் கதிர்கள் வெளியில் எவ்வளவு என்று மனிதருக்குத் தெரியவே தெரியாது. சூரியன் ஒட்டுமொத்தமாக மறைத்து வைத்திருந்தது. அந்த அளவீடு வந்தபோது எத்தனையோ ஆண்டு ஊகத்துக்கு முதன்முதலாக ஒரு தரை கிடைத்தது. 2018 நவம்பர் 5 அன்று வாயேஜர்-2 வேறொரு பக்கமாக வெளியேறி அதை உறுதி செய்தது.

கார்முகில்

இளவேனில் சொன்னது புரிகிறது, "கை" என்ற உவமை உதவியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. வலிமையா நெளிவா என்பதைப் பிரித்துக் காட்டும் ஒரு சோதனை வேண்டாமா? எங்கேயாவது புலம் பலவீனமாக, கோடுகள் நேராக இருக்கும் ஒரு வாசல் இருந்து, அங்கேயும் கதிர்கள் வரத் தடுமாறினால்தான் நெளிவு என்று ஒத்துக்கொள்வேன். சூரியனின் துருவங்களுக்கு மேலே கோடுகள் சுருண்டிருக்காதே? அங்கே நேராகத்தானே வரும்?

அலைவரிசை

கார்முகில், நீங்கள் கேட்ட சோதனையைச் செய்துவிட்டார்கள். யுலிசிஸ் விண்கலத்தின் கதை அது.

1990 அக்டோபரில் ஏவினார்கள். நேராகத் துருவத்துக்கு மேலே போக எந்த ராக்கெட்டாலும் முடியாது என்பதால் முதலில் வியாழனுக்கு அனுப்பி, 1992 பிப்ரவரியில் அதன் ஈர்ப்பால் திருப்பிச் சூரியனின் துருவங்களுக்கு மேலே வீசினார்கள். 1994இல் தென்துருவம், 1995இல் வடதுருவம்.

போவதற்கு முன் பலர் எதிர்பார்த்தது நீங்கள் எதிர்பார்ப்பதையேதான். துருவத்தின் மேலே பார்க்கரின் சுருள் அவிழ்ந்துவிடும். கோடுகள் ஏறக்குறைய நேராக வெளியே போகும். காஸ்மிக் கதிர்கள் திறந்த புனலில் கொட்டுவது மாதிரி உள்ளே வரும் என்றார்கள். ஆனால் ஜோகிப்பியும் கோட்டாவும் 1989லேயே ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். சூரியனின் மேற்பரப்பு ஓயாமல் கொதிக்கிறது. கோடுகளின் வேர் அங்கே அலைந்துகொண்டே இருக்கும். ஆகவே துருவத்தின் மேலே சராசரிப் புலம் மெலிந்தாலும் நெளிவுகள் மெலியாது, வெளியே போகப் போக அவைதான் மேலோங்கி நிற்கும் என்பது அவர்கள் வாதம்.

யுலிசிஸ் அங்கே போனபோது கொட்டவில்லை. சூரியனின் நடுக்கோட்டுப் பகுதியைவிடச் சற்றே கூடியது, அவ்வளவுதான். அதே கலத்தின் காந்தமானி காரணத்தையும் காட்டியது: துருவக் காற்று முழுக்கப் பெரிய பெரிய ஆல்வேன் அலைகள். (சரத்தை மீட்டினால் அலை ஓடுவதுபோல் புலக்கோட்டின் வழியே ஓடும் அலை, ஹானஸ் ஆல்வேன் 1942இல் கணித்தது.) நேரான கோடு என்று நாம் தாளில் வரைந்தது அங்கே நேராக இல்லை. வாசல் திறந்துதான் இருந்தது, வாசல் முழுக்க முட்புதர்.

சூரியனுக்கு இன்னும் அருகே போன பார்க்கர் சோலார் புரோப் பார்த்ததும் இதே திசையில்தான். 2018 ஆகஸ்டில் கிளம்பிய அந்தக் கலம் முதல் சுற்றிலேயே, கோடுகள் ஆங்கில எஸ் எழுத்துபோல் மடங்கித் திரும்பும் இடங்களைக் கூட்டம் கூட்டமாகக் கண்டது. சில நிமிடம் புலம் சூரியனை நோக்கித் திரும்பும், மறுபடி நேராகும். நெளிவுகள் பிறக்கும் அந்த இடத்துக்கு இப்போதுதான் நம் கருவி எட்டியிருக்கிறது. பார்க்கர் 2022 மார்ச்சில் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், தன் பெயர் கொண்ட கலம் சூரியனின் வெளிமண்டலத்துக்குள் நுழைந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்க அவருக்கு வாய்த்தது.

வான்குறிப்பு

என் வரைபடத்துக்குத் திரும்ப வரட்டுமா? இவ்வளவும் படித்த பிறகு அந்தப் பள்ளத்தை மறுபடி பார்த்தேன். மே 10 அன்று வந்தது வெறும் சூரியக்காற்று அல்ல, சூரியன் உமிழ்ந்த பெரும் பிளாஸ்மா மேகங்கள். அப்போது எந்தப் பகுதி பள்ளத்தைத் தோண்டியது, மேகமா அதன் முன்னால் வந்த கொந்தளிப்பா? அப்புறம் நடுவில் உள்ள அந்தச் சின்ன மேடு?

இளவேனில்

இரண்டும் தோண்டும், வேறு வேறு விதமாக. கார்முகிலுக்கும் இதில் பங்கு உண்டு.

வேகமான மேகம் தனக்கு முன்னால் உள்ள மெதுவான காற்றை இடித்து நசுக்குகிறது. முன்னால் ஓர் அதிர்ச்சி அலை, அதற்கும் மேகத்துக்கும் நடுவே நசுங்கிக் குழம்பிய ஒரு படலம். அந்தப் படலத்தில் நெளிவுகளின் வலிமை வழக்கத்தைவிடப் பல மடங்கு. அது வெளியே ஓடும்போது முன்னால் இருக்கும் காஸ்மிக் கதிர்களைத் துடைப்பம் மாதிரி ஒதுக்கிக்கொண்டு போகிறது. பூமி அந்தத் துடைப்பத்தின் பின்பக்கம் வந்ததும் எண்ணிக்கை விழுகிறது. முதல் படி இது.

அப்புறம் மேகம். அதன் உள்ளே புலம் வலுவானது, ஆனால் வழவழப்பானது, கயிறுபோல் முறுக்கிய மூடிய அமைப்பு. சூரியனருகே அது உருவானபோதே உள்ளே காஸ்மிக் கதிர் குறைவு. வரும் வழியெல்லாம் ஊதிப் பெருக்கிறது. குறுக்கே புகுந்துதான் துகள் உள்ளே வர வேண்டும், அது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் இரண்டாவது படி. மேகத்துக்குள் வலிமை வேலை செய்கிறது என்று கார்முகில் சொன்னால் மறுக்கமாட்டேன். 2024 மேயில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மேகங்கள் வந்து ஒன்றோடொன்று மோதின, அதனால் படிகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பது கடினம்.

உதகையில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியின் (காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணுவது) தரவை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு நுட்பமான விஷயம் வந்தது. பூமியருகே அளந்த காந்தப்புலம் ஏறி இறங்கும் வடிவமும் கதிர் எண்ணிக்கை இறங்கி ஏறும் வடிவமும் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆனால் ஒரே நேரத்தில் அல்ல, கதிர் சில மணி நேரம் பின்தங்குகிறது. கவசம் என்றால் தடித்த கணமே தெரிய வேண்டும். கொந்தளித்த படலத்துக்குள் துகள் தள்ளாடி ஊடுருவ அந்த நேரம் பிடிக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

மேடு வேறு கதை. மே 11 அதிகாலை சூரியனில் எக்ஸ் 5.8 வெடிப்பு (எக்ஸ் என்பது மிக வலுவான வெடிப்புகளின் வகை). அதில் சூரியனே முடுக்கிவிட்ட புரோட்டான்கள் தரையில் உள்ள மானிகளிலும் பதிவாகும் அளவுக்கு ஆற்றலோடு வந்தன. வெளியிலிருந்து வருவது குறைந்திருந்த நேரத்தில் உள்ளிருந்து வந்தது. பதிவேட்டில் 74ஆவது தரைமட்ட ஏற்றம் அது.

தேன்சிட்டு

இந்தப் பள்ளங்களுக்கு ஃபோர்புஷ் வீழ்ச்சி என்று பெயர் இருக்கிறதே, அந்த ஸ்காட் ஃபோர்புஷ் 1937இல் இதைப் பார்த்தபோது விண்கலம் ஏதும் கிடையாது. பூமியின் காந்தப்புயலோடு சேர்ந்தே வருவதால் பூமியின் புலம் மாறுவதுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பியிருக்கிறார்கள். 1960இல் பயனியர்-5 விண்கலம், பூமியின் காந்தப்புலத்தைவிட்டு வெகு வெளியே போய்க்கொண்டிருந்தபோது, அங்கேயும் அதே வீழ்ச்சியைப் பதிவு செய்தது. இதை வகுப்பில் சொல்லப் போகிறேன். ஒரு கருவி சரியான இடத்தில் இருந்தது என்பதற்காகவே தீர்ந்த வழக்கு.

கார்முகில்

சரி, ஒத்துக்கொள்கிறேன். துருவக் கதைதான் என்னை அசைத்தது. ஒன்று மட்டும் மிச்சம். 11 ஆண்டுச் சுழற்சி. சூரியப்புள்ளிகள் கூடினால் காஸ்மிக் கதிர் குறைகிறது, இது ஃபோர்புஷே 1954இல் காட்டியது. ஆனால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தால் கதிர் சில மாதங்கள், சில சுழற்சிகளில் ஒரு வருடம்கூட, தாமதமாக மாறுகிறது. ஏன்?

அலைவரிசை

நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வருடம் ஓடினால் எவ்வளவு தூரம்? 84 வானியல் அலகு. எல்லை இருப்பதோ 120ஐ ஒட்டி. எனவே சூரியனைச் சுற்றியுள்ள அந்தப் பெரிய குமிழிக்குள் இருப்பது இன்றைய சூரியனின் காற்று மட்டுமல்ல. உள்ளே இன்றையது, நடுவில் ஆறு மாதத்துக்கு முந்தியது, ஓரத்தில் போன வருடத்தது. மரத்தின் வளையங்கள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கிறது. இன்று இங்கே வந்து சேர்ந்த புரோட்டான் அத்தனை அடுக்கையும் தாண்டித்தான் வந்தது. தடையில்லாமல் வந்தால் ஒரு நாள்கூட ஆகாத தூரத்தை அது மாதக்கணக்கில் கடந்திருக்கும். சூரியன் அமைதியானாலும் பழைய கொந்தளிப்பு வெளியே போய்த் தீர வேண்டும்.

2009 நல்ல உதாரணம். சூரியன் அசாதாரணமாக நீண்ட நேரம் தூங்கிய காலம். புலமும் மெலிந்தது, நெளிவும் மெலிந்தது, காற்றும் தளர்ந்தது. 2009 இறுதியில் காஸ்மிக் கதிர்கள் விண்வெளி யுகத்தில் அதுவரை அளந்த உச்சத்தைத் தாண்டின. நீண்ட பயணம் போகும் விண்வெளி வீரர்களுக்கு அமைதியான சூரியன் பாதுகாப்பானது என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டைக் காட்டுங்கள். சூரியன் அமைதியாக இருக்கும்போது அதன் சொந்த வெடிப்பு குறையும், வெளிக்கதிர் கூடும். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

(22 ஆண்டு ஏற்ற இறக்கம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சூரியனின் காந்த முனைகள் புரளும்போது துகள்கள் நகரும் பாதையே மாறுவதால் உச்சிகள் ஒருமுறை கூராகவும் அடுத்தமுறை தட்டையாகவும் வருகின்றன. 1965, 1987, 2009 கூர், 1970களிலும் 1990களிலும் தட்டை. அதற்குத் தனி இழை வேண்டும்.)

நெடுவழி

நேற்று இரவு இளவேனில் சொன்னதை நிரலில் சேர்த்துப் பார்த்தேன். ஒரு நீளமான பெட்டி, ஒரு பக்கம் ஆயிரம் புரோட்டான்கள், நடுவில் நெளிவுகள்.

நெளிவுகளை அசையாமல் நிறுத்தி வைத்தபோது அவர் சொன்னபடியேதான் நடந்தது. வெகுநேரம் ஓடவிட்டதும் இரண்டு பக்கமும் ஒரே அடர்த்தி. பள்ளமே இல்லை. நெளிவுகளை எதிர்த்திசையில் நகர்த்தியதும் மறுபக்கம் குறையத் தொடங்கி ஓர் அளவில் நின்றது. அப்புறம் நகர்வை அப்படியே வைத்துக்கொண்டு, நேரான புலத்தை மூன்று மடங்காக்கி, நெளிவுகளை முழுவதுமாக எடுத்துவிட்டேன். புரோட்டான்கள் எதிரே ஒன்றுமே இல்லாததுபோல் நேராக வந்து சேர்ந்தன.

தேன்சிட்டு, மூன்று ஓட்டங்களின் நிரலையும் சுத்தப்படுத்தி இங்கேயே போடுகிறேன். நெளிவின் வலிமை, நகரும் வேகம், புலத்தின் வலிமை மூன்றையும் மேலே தனித்தனி வரிகளில் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் மாற்றிப் பார்க்கட்டும்.